இமாம் கஸ்ஸாலி (ரஹ்): பதவியைத் துறந்த பேராசான்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக!



ஜும்ஆ பயான்களில் நாம் அடிக்கடி செவிமடுக்கும் பெயர்களுள் ஒன்று ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுடையது. "இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவிலே கூறுகிறார்கள்" என்று ஆலிம் பெருமக்கள் தொடங்கும்போது நாம் தலையசைத்துக் கேட்கிறோம். ஆயினும் அந்த இமாம் எவ்வாறு வாழ்ந்தார்கள், எதற்காகத் தம் காலத்தின் மிக உயர்ந்த ஆசிரியப் பதவியை விட்டு வெளியேறினார்கள், அவர்கள் எழுதியவற்றுக்கும் நம் ஊர் மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் என்ன தொடர்பு என்பவற்றை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

இவ்வாண்டு மலருக்கு அன்னாரின் வரலாற்றை நாம் தேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. "பிள்ளை ஓதுவதா, படிப்பதா?" என்ற கேள்வி நம் வீடுகளிலும் கூட்டங்களிலும் ஆண்டுதோறும் எழுந்துகொண்டே இருக்கிறது. எட்டாம் வகுப்பை எட்டியதும் டியூஷனுக்காக மக்தபை விட்டுவிடும் பிள்ளைகள் ஒருபுறம். ஓதியது போதும் என்று பள்ளிப் படிப்பை நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள் மறுபுறம். ஜமாஅத்தின் சிறு தொகையை எதற்குச் செலவிடுவது என்பதிலும் இரு கருத்துகள் நிலவுகின்றன. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னர் இக்கேள்வியின் வேர்வரை சென்றவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஆகவே அவர்களிடமே கேட்போம்.

தூஸ் நகரத்துச் சிறுவர்

அபூ ஹாமித் முஹம்மத் இப்னு முஹம்மத் அல்-கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 450ஆம் ஆண்டில் (கி.பி. 1058) குராசான் பகுதியைச் சேர்ந்த தூஸ் நகரில் பிறந்தார்கள். இன்று அப்பகுதி ஈரானின் வடகிழக்கில், மஷ்ஹத் நகரத்தின் அருகே உள்ளது. தந்தையார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த எளியவர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். எழுதப் படிக்கக் கற்கவில்லையே என்ற ஏக்கம் அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. ஆலிம்களின் சபைகளில் ஓர் ஓரமாக அமர்ந்து கேட்பதும், தமக்கும் அத்தகைய மக்கள் பிறக்க வேண்டுமெனத் துஆச் செய்வதும் அவருடைய வழக்கம்.

மரணம் நெருங்கியபோது, முஹம்மத், அஹ்மத் ஆகிய தம் இரு மைந்தர்களையும் சிறிது பணத்தையும் ஸூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். பணம் தீர்ந்துபோயிற்று. அந்த நண்பரும் ஏழையே. "உணவும் உறைவிடமும் தரும் மத்ரஸா ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று அவர் சிறுவர்களுக்கு வழிகாட்டினார். இவ்வாறு, வயிற்றுப் பாட்டுக்காகவே மத்ரஸாவின் வாயிலை மிதித்தவர்கள் பிற்காலத்தின் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம். பிற்காலத்தில் இதை நினைவுகூர்ந்த இமாமவர்கள், தாம் அல்லாஹ் அல்லாத வேறொன்றுக்காகக் கல்வியைத் தேடியதாகவும், ஆனால் அந்தக் கல்வியோ அல்லாஹ்வுக்காக அன்றி வேறெதற்கும் இணங்க மறுத்துவிட்டதாகவும் கூறியதாக அறிவிக்கப்படுகிறது. அன்னாரின் வாழ்க்கை முழுவதையும் திறக்கும் சாவி இதுவே எனலாம்.

கொள்ளையன் கற்பித்த பாடம்

இளமையில் இமாமவர்கள் ஜுர்ஜான் நகருக்குச் சென்று கற்று, ஆசிரியரிடம் கேட்டவற்றையெல்லாம் ஏடுகளில் எழுதிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வழியில் கொள்ளையர்கள் மறித்து அனைத்தையும் பறித்துக்கொண்டனர். இமாமவர்களோ அவர்களைப் பின்தொடர்ந்து சென்று, "மற்றவற்றை வைத்துக்கொள்ளுங்கள், என் குறிப்பேடுகளை மட்டும் தந்துவிடுங்கள், அவற்றில்தான் என் கல்வி இருக்கிறது" என்று மன்றாடினார்கள். கொள்ளையர் தலைவன் நகைத்தான். ஏடுகளைப் பறித்ததும் கல்வியற்றவனாகிவிடும் ஒருவன், அவற்றிலுள்ளதைக் கற்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டுவிட்டு ஏடுகளைத் திருப்பிக் கொடுத்தான்.

அந்த ஏளனத்தை இறைவன் தமக்கு விடுத்த எச்சரிக்கையாகவே இமாமவர்கள் ஏற்றார்கள். தூஸுக்குத் திரும்பி மூன்று ஆண்டுகள் அமர்ந்து, எழுதிய அனைத்தையும் மனனம் செய்து முடித்தார்கள். சான்றிதழ்களைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்துவிட்டுக் கற்றதை மறந்துவிடும் நமக்கும் அக்கொள்ளையனின் கேள்வி பொருந்தாமற் போகுமா?

பாக்தாதின் பேராசான்

பின்னர் நைஸாபூர் நகருக்குச் சென்று, இமாமுல் ஹரமைன் என்று போற்றப்பட்ட அல்-ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஃபிக்ஹு, உஸூல், இல்முல் கலாம், தர்க்கம் ஆகியவற்றைக் கற்றுத் தேர்ந்தார்கள். ஹிஜ்ரி 478இல் (கி.பி. 1085) ஆசிரியர் மறைந்ததும், ஸல்ஜூக் பேரரசின் வஸீராக விளங்கிய நிஸாமுல் முல்க் அவர்களின் அவைக்குச் சென்றார்கள். அங்கே கூடியிருந்த அறிஞர்களோடு நிகழ்ந்த விவாதங்களில் அன்னாரின் புலமை வெளிப்பட்டது. ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091), 34ஆம் வயதிலேயே, பாக்தாத் நிஸாமிய்யா கலாசாலையின் தலைமை ஆசிரியர் பொறுப்பு அவர்களைத் தேடி வந்தது.

அன்றைய முஸ்லிம் உலகில் அதைவிட உயர்ந்த ஆசிரியப் பதவி இல்லை எனலாம். முந்நூறு மாணவர்களுக்குத் தாம் பாடம் நடத்தியதாக இமாமவர்களே எழுதியுள்ளார்கள். கலீஃபாவும் வஸீர்களும் அன்னாரின் கருத்தை நாடினர். இவற்றிற்கிடையே, கற்பித்தல் நீங்கிய ஓய்வு நேரங்களில், ஆசிரியர் துணையின்றித் தாமாகவே கிரேக்கத் தத்துவ நூல்களைப் படித்துத் தெளிந்தார்கள்.

தத்துவ ஞானிகளோடு வாதம்

அக்காலத்தில் அரிஸ்டாட்டிலின் கருத்துகள் அல்-ஃபாராபி, இப்னு ஸீனா ஆகியோரின் நூல்கள் வழியே முஸ்லிம் அறிஞரிடையே பரவியிருந்தன. அவற்றை மறுக்க முன்வந்த பலர் அவற்றைப் படிக்காமலேயே மறுத்தனர். இமாமவர்கள் அவ்வழியில் செல்லவில்லை. ஒரு கொள்கையை அதன் உரிமையாளரைவிட நன்றாக அறிந்துகொள்ளாமல் மறுப்பது இருளில் கல்லெறிவதற்கு ஒப்பாகும் என்பது அன்னாரின் நிலை. ஆகவே தத்துவ ஞானிகளின் கருத்துகளை அவர்கள் கூறுமாறே தெளிவாக விளக்கி 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா' என்ற நூலை இயற்றினார்கள். ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' என்ற மறுப்பு நூலையும் நிறைவு செய்தார்கள்.

தஹாஃபுத் இருபது விவகாரங்களை ஆராய்கிறது. அவற்றுள் மூன்றை மட்டுமே இமாமவர்கள் ஈமானுக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தார்கள். உலகம் தொடக்கமற்றது என்பது ஒன்று. இறைவன் பொதுவானவற்றையே அறிவான், தனித்தனி நிகழ்வுகளை அவற்றின் தனித்தன்மையோடு அறிவதில்லை என்பது இரண்டு. மறுமையில் உடல்கள் எழுப்பப்படமாட்டா என்பது மூன்று. ஏனைய பதினேழையும் தவறுகள் என்ற அளவிலேயே நிறுத்தினார்கள்.

இங்கே ஒன்றை நாம் சிந்திக்க வேண்டும். முஸ்லிம்கள் அறிவியலில் பின்தங்கியதற்கு இமாம் கஸ்ஸாலியே காரணம் என்று சிலர் எழுதி வருகின்றனர். அதே தஹாஃபுத் நூலின் முன்னுரையை அவர்கள் படித்திருந்தால் இவ்வாறு எழுதத் தயங்கியிருப்பர். சூரியனுக்கும் பூமிக்கும் இடையே சந்திரன் வருவதால் சூரிய கிரகணமும், சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பூமி வருவதால் சந்திர கிரகணமும் ஏற்படுகின்றன என்ற கணிதத்தை இமாமவர்கள் அங்கே எடுத்துரைக்கிறார்கள். மார்க்கத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு இதை மறுப்பவர் மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறார் என்றும் எச்சரிக்கிறார்கள். கணக்குப் பார்த்துக் கிரகணத்தின் நாழிகையைத் துல்லியமாக உரைப்பவரிடம், "இது ஷரீஅத்துக்கு முரண்" என்று ஒருவர் சொன்னால், அவர் கணக்கை ஐயுறமாட்டார்; ஷரீஅத்தையே ஐயுறுவார் என்பது அன்னாரின் வாதம்.

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று தமிழகத்தில் வளையச் சூரிய கிரகணம் தோன்றியதை நாம் மறந்திருக்கமாட்டோம். வானியலார் குறித்த நேரத்தில் கிரகணம் பிடிப்பதும், அந்நேரத்தில் நாம் கிரகணத் தொழுகைக்கு நிற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

நாவு கட்டுண்ட நாள்

புகழின் உச்சியில் இருந்த அந்நாட்களில்தான் இமாமவர்களின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது: "நான் யாருக்காகக் கற்பிக்கிறேன்?" 'அல்-முன்கிது மினள் ழலால்' என்ற தம் வரலாற்று நூலில், ஒளிவு மறைவின்றி இதை எழுதியுள்ளார்கள். தம் பணிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டார்கள். அவற்றுள் சிறந்ததெனக் கருதிய கற்பித்தலின் நோக்கத்தை ஆராய்ந்தபோது, பதவியும் புகழுமே தம்மைச் செலுத்தி வந்தன என்று கண்டார்கள். எல்லோரும் மார்க்க சேவை என்று போற்றிய பணியைச் செய்தவரே அதற்குள் தம் நஃப்ஸைக் கண்டுகொண்டார்கள்.

ஹிஜ்ரி 488, ரஜப் மாதம் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் இப்போராட்டம் நீடித்தது. காலையில் புறப்படத் துணிவார்கள். மாலையில் அத்துணிவு கலைந்துவிடும். ஒரு நாள் மாணவர்களின் மனம் நோகாதிருக்க வேண்டுமெனப் பாடம் நடத்த அமர்ந்தபோது, நாவு எழவில்லை; ஒரு சொல்லும் வரவில்லை. அந்தத் துயரத்தால் உணவும் நீரும் தொண்டையில் இறங்க மறுத்தன. இந்நோய் உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கியது, உள்ளம் அமைதியுறாமல் மருந்தால் தீராது என்று மருத்துவர்கள் கைவிட்டனர்.

இறுதியில் இறைவனிடமே முறையிட்டார்கள். பதவியையும் பொருளையும் நண்பர்களையும் துறப்பது அதன்பின் எளிதாயிற்று. குடும்பத்தின் தேவைக்கு ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு ஏனைய செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். நிஸாமிய்யாவில் தம் இடத்தில் தம்பி அஹ்மதை அமர்த்திவிட்டு, துல்கஃதா மாதத்தில் (கி.பி. 1095 நவம்பர்) பாக்தாதை விட்டு வெளியேறினார்கள்.

பதினோரு ஆண்டுகள்

டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு தனித்திருந்தார்கள். பின்னர் பைத்துல் முகத்தஸுக்கும், அங்கிருந்து நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் அடங்கியுள்ள கலீல் நகருக்கும் சென்றார்கள். அங்கே மூன்று உறுதிமொழிகளை மேற்கொண்டார்கள். அரசரின் பொருளை ஏற்பதில்லை, அரசரின் அவைக்குச் செல்வதில்லை, வீண்வாதத்தில் ஈடுபடுவதில்லை. அதன்பின் ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். மக்களின் அழைப்பு, அதாவது வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் அழைப்பு, தம்மை ஊருக்கு இழுத்து வந்தது என்று இமாமவர்களே எழுதுகிறார்கள். துறவு பூண்ட பேரறிஞருக்கும் பிள்ளைப் பாசம் இருந்தது; அதை எழுத அன்னார் வெட்கப்படவில்லை.

வெளியேறிய பதினோரு ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 499இல் (கி.பி. 1106) வஸீரின் வற்புறுத்தலால் நைஸாபூர் நிஸாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். உருவத்தில் அது பழைய பணியே. ஆனால் முன்பு பதவியைப் பெற்றுத் தரும் கல்வியைக் கற்பித்ததாகவும், இப்போது பதவி ஆசையைக் கைவிடச் செய்யும் கல்விக்கு அழைப்பதாகவும் அன்னார் வேறுபடுத்திக் காட்டினார்கள்.

இக்காலத்தில் எதிர்ப்பாளர் சிலர், இளமையில் எழுதிய நூலொன்றில் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களை இமாமவர்கள் குறை கூறியதாக சுல்தான் ஸஞ்சரிடம் முறையிட்டனர். சுல்தானின் முன் வர நேர்ந்தபோது, இமாம் அபூ ஹனீஃபா அவர்கள் மீது தாம் கொண்டுள்ள பெருமதிப்பை எடுத்துரைத்தார்கள். அத்தோடு தமக்கென எதையும் கேளாமல், குளிராலும் வறட்சியாலும் விளைச்சலை இழந்து வாடும் தூஸ் மக்கள் மீது இரக்கம் காட்டுமாறு வேண்டினார்கள். அரசரின் பொருளை ஏற்காதவருக்கு ஏழைகளுக்காகப் பேசும் உரிமை இருந்தது.

இறுதி நாட்களில் தூஸ் நகரில் தம் வீட்டருகே மாணவர்களுக்கு மத்ரஸாவும், ஸூஃபிகளுக்குத் தங்குமிடமும் அமைத்து வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 505, ஜமாதுல் ஆகிர் பிறை 14, திங்கட்கிழமை (கி.பி. 1111 டிசம்பர் 18) அதிகாலையில் உளூச் செய்து தொழுதுவிட்டு, கஃபன் துணியை வரவழைத்து முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, கிப்லாவை நோக்கிக் கால் நீட்டிப் படுத்தார்கள், விடியுமுன் உயிர் பிரிந்தது என்று தம்பி அஹ்மத் அறிவிக்கிறார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இஹ்யாவும் ஊருக்கொரு மருத்துவரும்

தனித்திருந்த ஆண்டுகளின் அறுவடையே 'இஹ்யாவு உலூமித்தீன்'. மார்க்க அறிவுகளுக்கு உயிரூட்டல் என்பது அதன் பொருள். வணக்கங்கள், அன்றாட நடைமுறைகள், அழிவில் தள்ளும் குணங்கள், ஈடேற்றம் தரும் குணங்கள் என நான்கு பகுதிகள். பகுதிக்குப் பத்தாக நாற்பது நூல்கள். தொழுகையின் சட்டத்தோடு தொழுகையில் உள்ளம் எங்கே இருக்கிறது என்பதையும், உண்ணும் ஒழுக்கத்தோடு உண்ணும் உணவு எவ்வழியில் வந்தது என்பதையும் சேர்த்துப் பேசுவதே அதன் தனிச்சிறப்பு.

அந்த நாற்பதில் முதலாவது கல்வியைப் பற்றிய நூல். நம் கேள்விக்குரிய விடை அங்கேதான் உள்ளது. கல்வியை இமாமவர்கள் இரண்டாகப் பகுக்கிறார்கள். ஒவ்வொருவரும் கற்றே ஆக வேண்டியது ஃபர்ளு ஐன். சமுதாயத்தில் சிலரேனும் கற்றாக வேண்டியது ஃபர்ளு கிஃபாயா. ஒருவரும் கற்காவிட்டால் ஊரே குற்றத்திற்குள்ளாகும். இந்த இரண்டாவது வகையில் மார்க்கச் சட்டத்தோடு மருத்துவத்தையும் கணிதத்தையும் அன்னார் சேர்க்கிறார்கள். உழவு, நெசவு, தையல் ஆகிய தொழில்களும் அவ்வாறே. உடல்நலத்திற்கு மருத்துவமும், பாகப்பிரிவினைக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் கணக்கும் இன்றியமையாதவை அல்லவா?

அதற்கு மேலும் இமாமவர்கள் ஒரு கசப்பான உண்மையைக் கூறுகிறார்கள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் சட்ட விவாதம் கற்பவர்களோ நிரம்பி வழிகிறார்கள். ஏன்? இவர்கள் கற்பதும் ஃபர்ளு கிஃபாயா என்றால், எவரும் நிறைவேற்றாத ஃபர்ளு கிஃபாயாவை விட்டுவிட்டுப் பலரும் நிறைவேற்றிவிட்ட ஒன்றை நோக்கி ஓடுவது ஏன்? வக்ஃபுச் சொத்துகளின் நிர்வாகம், வஸிய்யத்துகள், அனாதைகளின் பொருள், காழி பதவி ஆகியவற்றை மருத்துவம் பெற்றுத் தராது என்பதல்லாமல் வேறு காரணம் உண்டா என்று கேட்கிறார்கள். ஜமாஅத் நிர்வாகத்தில் இருக்கும் நாம் இவ்வரிகளைத் தலைகுனிந்தே படிக்க வேண்டியுள்ளது.

நமக்குப் பிணி வந்தபோதெல்லாம் சமயம் பாராது மருத்துவம் செய்த சகோதர சமயத்து மருத்துவர்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம். இமாமவர்களின் கேள்வி அவர்களைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது. ஜிப்மர் மருத்துவமனையும் பல மருத்துவக் கல்லூரிகளும் சூழ்ந்த புதுச்சேரியில் நாம் வாழ்கிறோம். சேதராப்பட்டின் தொழிற்பேட்டையில் ஆலைகள் இயங்குகின்றன. பிறருக்குப் பயன்படும் எந்தக் கல்வியை, எந்தத் தொழிலை நம் பிள்ளைகளிடம் நாம் வளர்த்திருக்கிறோம்?

'அய்யுஹல் வலத்' என்ற சிறு நூலில், தம் மாணவர் ஒருவருக்கு அறிவுரை எழுதும் இமாமவர்கள் ஓர் உவமையைக் கூறுகிறார்கள். பாலைவனத்தில் செல்லும் வீரன் ஒருவனிடம் பத்து இந்திய வாள்கள் உள்ளன, சிங்கம் பாய்கிறது, வாள்களை உருவி வீசாமல் வைத்திருந்தால் அவை அவனைக் காக்குமா? கல்வியும் அவ்வாறே என்கிறார்கள். நம் நாட்டு வாளின் புகழ் தூஸ் நகர்வரை எட்டியிருந்தது என்பதை எண்ணி மகிழலாம். வாளை உறையிலேயே வைத்திருப்பவர்களாக நாம் இருப்பதை எண்ணி வருந்தவும் வேண்டும்.

புகழும் மறுப்பும்

இமாமவர்களின் நூல்கள் எல்லோராலும் உடனே ஏற்கப்பட்டன என்று எண்ணலாகாது. அன்னார் உயிரோடிருந்தபோதே, 1109ஆம் ஆண்டில், ஸ்பெயினின் குர்துபா நகரில் இஹ்யா எரிக்கப்பட்டது. அதில் பலவீனமான ஹதீஸ்கள் இடம்பெற்றுள்ளன என்று இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) போன்றோர் குறை கூறினர். ஹாஃபிழ் ஸைனுத்தீன் அல்-இராக்கீ (ரஹ்) அவர்களோ அந்நூலின் ஹதீஸ்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து தரம் பிரித்துத் தந்தார்கள். குறையைச் சுட்டுவதோடு நில்லாமல், பயன்படுத்துவோருக்கு வழி செய்து கொடுத்த அப்பண்பு போற்றத்தக்கது. ஸ்பெயின் நாட்டுத் தத்துவ மேதை இப்னு ருஷ்த் (ரஹ்) அவர்கள் தஹாஃபுத் நூலுக்கு மறுப்பாக 'தஹாஃபுதுத் தஹாஃபுத்' என்ற நூலை எழுதினார்கள். நூலுக்கு நூலால் விடையளித்த காலம் அது.

ஐரோப்பாவிலோ வியப்பான ஒன்று நிகழ்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் மகாஸித் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. அதைப் படித்த கிறித்தவ அறிஞர் பலர், தத்துவ ஞானிகளை மறுக்க வந்த இமாமவர்களையே அத்தத்துவ ஞானிகளுள் ஒருவராக எண்ணிவிட்டனர். எதிர்த் தரப்பின் கருத்தை அத்துணை நேர்மையோடு எடுத்துரைத்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முன்கிது நூல் 1842இல் பாரிஸில் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. இஹ்யாவுக்கு மிகப் பெரும் விரிவுரை கண்ட முர்தளா அஸ்-ஸபீதீ (ரஹ்) அவர்கள் (1732–1791) நம் இந்தியாவின் பில்கிராமில் பிறந்தவர்கள் என்பதும் நமக்குப் பெருமை.

தமிழகக் கரைக்கு வந்த வழி

இமாமவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின் பெருஞ்சட்ட மேதையுமாவார்கள். தம் ஆசிரியரின் விரிந்த நூலைச் சுருக்கி 'பஸீத்', 'வஸீத்', 'வஜீஸ்' என்று படிப்படியாக நூல்கள் இயற்றினார்கள். வஜீஸுக்கு இமாம் ராஃபிஈ (ரஹ்) அவர்கள் விரிவுரை எழுதினார்கள். ராஃபிஈ அவர்களின் 'முஹர்ரர்' நூலைச் சுருக்கி இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' தந்தார்கள். மின்ஹாஜுக்கு மக்காவில் வாழ்ந்த இப்னு ஹஜர் அல்-ஹைத்தமீ (ரஹ்) அவர்கள் 'துஹ்ஃபா' என்ற விரிவுரை கண்டார்கள். அன்னாரின் மாணவரான பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் கேரளக் கரையில் 'ஃபத்ஹுல் முஈன்' நூலை இயற்றினார்கள். இன்றும் கேரளத்திலும் தமிழகத்திலும் ஷாஃபிஈ சட்டம் ஓதும் மாணவர்கள் அந்நூலைக் கையிலேந்துகின்றனர். தூஸ் நகரின் விளக்கிலிருந்து ஏற்றிய விளக்கு, கைமாறிக் கைமாறி நம் கடற்கரைக்கு வந்த வரலாறு இது.

யமன், ஹளரமவ்த் பகுதிகளோடு கடல் வணிகம் நடத்திய காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால் ஆகிய ஊர்களின் மரைக்காயர்களிடையே ஷாஃபிஈ மத்ஹப் வேரூன்றியது. அரபு அறியாத ஆண்களும் பெண்களும் மார்க்கத்தைத் தெரிந்துகொள்ள அரபுத் தமிழ் எழுத்தில் நூல்கள் எழுந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) இயற்றிய 'ஃபத்ஹுத் தய்யான்' அவ்வகையில் பெரும் பயன் விளைத்தது. இஹ்யாவின் பல பகுதிகள் தமிழிலும் நூல்களாக வெளிவந்துள்ளன.

புதுச்சேரிக்காரர்களாகிய நமக்கு மற்றொரு செய்தி. 1819ஆம் ஆண்டில் பிரெஞ்சு நிர்வாகம் தன் சட்டத் தொகுப்புகளை இங்கே நடைமுறைப்படுத்தியபோதும், இந்தியர்களின் வழக்குகளை அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியும் தீர்ப்பதென்றே விதித்தது. இவ்வாறு குடியேற்ற ஆட்சியாளர்கள் ஃபிக்ஹை அறிய வேண்டிய தேவை எழுந்தது. டச்சு ஆட்சியிலிருந்த பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், 1882 முதல் 1884 வரை அதே மின்ஹாஜ் நூல் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. இமாமவர்களின் சட்ட மரபு நம் முன்னோரை ஆண்டவர்களின் மொழியையும் எட்டிற்று.

ஹனஃபி சகோதரர்களுக்கும் இமாமவர்கள் அந்நியரல்லர். உள்ளத்தைத் தூய்மை செய்யும் கல்வியில் மத்ஹபு வேறுபாடு இல்லை. சுல்தானின் முன்னிலையில் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களைப் பற்றி அன்னார் உரைத்த மதிப்புரை, ஒரே பள்ளியில் தோளோடு தோள் சேர்ந்து தொழும் நமக்கு நல்வழி காட்டுகிறது.

நம்முன் உள்ள கேள்வி

மீண்டும் நம் கேள்விக்கு வருவோம். "ஓதுவதா, படிப்பதா?" இமாமவர்களின் வாழ்க்கையைப் பார்த்தபின், கேள்வியே பிழையானது என்று நமக்குப் புலப்படுகிறது. மார்க்கக் கல்வியின் உச்சியிலிருந்தவர் தம் நாவு கட்டுண்டு தவித்தார். காரணம், நோக்கம் புகழாக இருந்தது. மருத்துவத்தையும் கணக்கையும் அவரே சமுதாயக் கடமை என்றார். காரணம், அவற்றால் மக்கள் வாழ்கின்றனர். ஓதுவது மறுமைக்கு, படிப்பது இம்மைக்கு என்று நாம் போட்ட கோடு அன்னாரிடம் இல்லை. எதைக் கற்றாலும் யாருக்காகக் கற்கிறோம் என்பதே அங்கே கோடு. எண்ணத்தைப் பற்றிய நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். அதைப் பள்ளிப் பாடத்திற்கும் மக்தப் பாடத்திற்கும் ஒருசேரப் பொருத்திப் பார்க்க மறந்துவிட்டோம்.

எனவே தொழுகை, ஹலால், ஹராம் அறியாத பிள்ளையை டியூஷன் என்ற பெயரால் மக்தபிலிருந்து நிறுத்துவது ஃபர்ளு ஐனைக் கைவிடுவதாகும். படிக்க ஆற்றலும் ஆர்வமும் உள்ள பிள்ளையைப் பணமில்லை என்று பாதியில் நிறுத்துவது ஊரார் அனைவரின் ஃபர்ளு கிஃபாயாவைக் கைவிடுவதாகும். இரண்டுக்கும் ஜமாஅத் பொறுப்பு. அடுத்தமுறை நிதி ஒதுக்கீடு குறித்துக் கூடும்போது, நம் தரப்பு வெல்ல வேண்டும் என்ற எண்ணத்தை வாயிலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வருவோம். பேசத் தொடங்குமுன், "நான் யாருக்காகப் பேசுகிறேன்?" என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொண்டால், அதுவே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

நூற்பாளர் ஒருவரின் ஏக்கத்தையும் துஆவையும் ஏற்று இச்சமுதாயத்திற்கு ஒரு இமாமை அளித்த வல்ல அல்லாஹ், நம் பெற்றோரின் ஏக்கங்களையும் ஏற்று, நம் மக்களைப் பயனுள்ள கல்வியும் தூய எண்ணமும் உடையோராக ஆக்கியருள்வானாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.